மாமனார் வீட்டு அடைப்பு

என் மாமனார் ஆரோக்கியசாமி கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ‘ஆபரேஷன் 10’ என்று எழுதினார். அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். கோடு லேசாகச் சாய்ந்துவிட்டது. அதை அழித்துவிட்டு, “பாப்பா, ஸ்கேல் எடுத்துட்டு வா” என்று மகளைக் கூப்பிட்டார்.

பாப்பா என்பது என் மனைவி ஃப்ளோரா. எங்களுக்குக் கல்யாணமாகி அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

உள்ளே தண்ணீர் பீங்கானின் விளிம்பு வரை வந்து, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்தோம். சமையலறையிலிருந்து ஆட்டுக்கறி வேகும் மணம் வந்தது. கழிப்பறையிலிருந்து ஃபினாயில் மணம் வந்தது. இரண்டும் நடுக்கூடத்தில் சந்தித்தன. அந்த இடத்தில்தான் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் எல்லோரும் அடைப்பை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும், அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

தேதி இல்லாத அத்தியாயம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பலவீனம் தெரியும். அம்பத்தூர் ஏரி எந்த நாள் நிரம்பி வழிந்தது, எங்கள் தெருவுக்கு முதல் டெலிபோன் எந்தக் கிழமை வந்தது, பாடியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் சங்கு எந்த மாதத்திலிருந்து தொண்டை கட்டிப்போனது, எல்லாவற்றுக்கும் தேதி சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த அத்தியாயத்துக்கு மட்டும் தேதி கிடையாது. எண்பதுகளின் பின்பாதி. மழை ஓய்ந்து, காலையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்க ஆரம்பித்திருந்த சமயம். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். தேதி என்னவானது என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த வருடத்திலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். அப்போதெல்லாம் உள்ளங்கை அளவில், கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்ட குறிப்பேடு. அச்சடித்த தேதி எனக்குப் பிடிக்காது. தேதியைச் சிவப்பு மை ஊற்றிய பேனாவால் நானே போடுவேன். விஷயத்தைக் கீழே பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவேன்.

எதற்கு இரண்டு பேனா என்று ஃப்ளோரா பிற்பாடு கேட்டாள். தேதி சரித்திரம், மற்றதெல்லாம் வம்பு, சரித்திரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று சொன்னேன். அந்த வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு தாழ்ப்பாள்

கல்யாணம் முடிந்த கையோடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, முதல் வாரம் பெண் வீட்டில். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பு. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் துவைக்கிற கல், அதை ஒட்டிக் கழிப்பறை.

மாமனார் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஒவ்வோர் உதிரி பாகத்தையும் அளந்து பார்த்து, அதன் கழுத்தில் ஓர் அட்டைச் சீட்டு கட்டுவது அவர் வேலை. சரியாக இருந்தால் பச்சை. திருப்பி வேலை செய்ய வேண்டுமென்றால் மஞ்சள். தேறாது என்றால் சிவப்பு.

அந்தப் பழக்கம் அவரோடு சைக்கிளில் வீட்டுக்கும் வந்துவிட்டது. அங்கே போன முதல் நாளே கவனித்தேன். குக்கரில் பச்சைச் சீட்டு. கூடத்து நாற்காலியில் மஞ்சள். மாமியாரின் அண்ணன் பரிசளித்த சுவர்க்கடிகாரத்தில் சிவப்பு. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஓடுதே மாமா?” என்றேன்.

“ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் முந்துது, மாப்பிள்ளை. முந்துறதும் தப்புதான்.”

இரண்டாம் நாள் சாயங்காலம் நான்காவது சீட்டு ஒன்று இருப்பதையும் சொன்னார். வெள்ளை. அதற்குப் பெயர் கன்செஷன்.

“ட்ராயிங்ல போட்டிருக்கிற அளவு வந்திருக்காது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆனா மாட்டிப் பாத்தா வண்டி ஓடும். அப்ப தூக்கிப் போட மனசு வருமா? மேல சொல்லி, கையெழுத்துப் போட்டு, இருக்கிறது இருக்கிறபடியே ஏத்துக்கிடறது.”

“இந்த வீட்டுல எதுக்காவது வெள்ளைச் சீட்டு கட்டியிருக்கீங்களா?”

கொஞ்ச நேரம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “இதுவரைக்கும் இல்ல” என்றார்.

படுக்கையறைக் கதவில் மஞ்சள் சீட்டு தொங்கியது. மழையில் மரம் ஊதிப்போய்த் தாழ்ப்பாள் விழாது. ஆக அந்த வீட்டில் உள்பக்கம் தாழ் போடக்கூடிய கதவு ஒன்றுதான். நாட்குறிப்பு எழுதுகிறவனுக்குத் தாழ்ப்பாள் முக்கியம். தினமும் காலையில் குறிப்பேட்டை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பேனாக்களைப் பனியனுக்குள் மாட்டிக்கொண்டு, கழிப்பறைக்குள் போய்விடுவேன். இருபது நிமிடம். சில நாள் அதற்கு மேலும் ஆகும். புது இடம், புது மனிதர்கள், எழுத நிறைய இருந்தது.

ஓமத் தண்ணீர்

இருபது நிமிடத்தை அவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் காபிக்கு முன்னால் மாமியார் செல்வமேரி ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்ன ஏது என்று சொல்லவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு இலையில் மூன்று வாழைப்பழம். ஐந்தாம் நாள் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “நேத்து பத்தொன்பது. இன்னைக்கு இருபத்திரண்டு” என்று சமையலறைப் பக்கம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து தினமும் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் வந்தது.

பக்கத்து வீட்டுக் கோதண்டம் வரைக்கும் விஷயம் போய்விட்டது. கோதண்டம் அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். கிரேன் மேல் உட்கார்ந்து கீழே இருப்பவர்களோடு கத்திப் பேசிப் பழகியதால், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ரகசியம் பேசினாலும் நாலு வீடு கேட்கும்.

“இன்னா மாப்ளே, இன்னிக்காச்சும் ஆச்சா?”

“ஆச்சுங்க.”

“வெக்கப்படாம சொல்லு மாப்ளே. எங்க ஊட்டுல கொய்யாப்பயம் கீது. நாலு துன்னா போதும், ரயிலு மாரி போவும்.”

நான் என்ன பதில் சொல்ல முடியும்? ‘எனக்கு வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து உங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்றா?

டுபுக்

ஞாயிற்றுக்கிழமை காலை எழுதி முடித்து எழுந்தேன். லுங்கி மடிப்பு தளர்ந்தது. ‘டுபுக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

குறிப்பேடு பீங்கானில் சறுக்கி, ஏற்கெனவே வழி தெரிந்ததைப் போல நேராக வளைவுக்குள் போயிற்று. கையை விட்டேன். விரல் நுனியில் ரெக்ஸின் பட்டது. பிடிக்கப் போனேன், இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. யோசிக்காமல் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். போகட்டும், சரித்திரம் சாக்கடையோடு போகட்டும் என்று.

போகவில்லை. காகிதம் தண்ணீர் குடித்தால் ஊதும் என்று தெரிந்தவன்தான் நான். தண்ணீர் மெல்ல ஏறிவந்து என் பாதத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மாமனாரும் மாமியாரும் கூடத்தில் இருந்தார்கள்.

“தண்ணி போகமாட்டேங்குது” என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமியாரின் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, “மாதாவே, விளக்கெண்ணெய் வேலை செஞ்சிருச்சுங்க!” என்றார்.

இந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். ஒரு பக்கம், ஒரு கழிப்பறையையே தன்னந்தனியாக அடைத்த மாப்பிள்ளை என்ற பெயர். இன்னொரு பக்கம், உண்மை. அந்தக் குறிப்பேட்டில் மாமனாரின் குறட்டை நிமிடத்துக்கு எத்தனை என்று இருந்தது. மாமியாரின் குழம்பைப் பற்றி இருந்தது. சீட்டுகளைப் பற்றி இருந்தது. ‘இந்த மனிதர் ஜெபம் சொல்லும்போதுகூட ஆண்டவரை மேலும் கீழும் அளந்து பார்க்கிறார்’ என்று ஒரு வரி இருந்தது. எழுதிய அன்று அதை மிகவும் ரசித்திருந்தேன்.

அந்தப் பெயரே போதும் என்று முடிவு செய்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆபரேஷன் 10

அன்றைக்குப் பராமரிப்பு அலுவலகம் விடுமுறை. வெளியிலிருந்து யாரையாவது கூப்பிடலாம் என்று மாமியார் சொன்னதற்கு மாமனார் ஒப்பவில்லை.

“நம்ம வீட்டு அசிங்கத்துல இன்னொருத்தரைக் கைவிடச் சொல்லக் கூடாது, செல்வி. வீட்டுல இருக்கிற சாமானை வெச்சு நாமளே எடுப்போம்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்தது.

ஆபரேஷன்களை ஏன் 10, 20, 30 என்று எண்ணுகிறார் என்று கேட்டேன். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் 15 என்று நுழைக்க இடம் வேண்டும், தொழிற்சாலையில் அப்படித்தான் என்றார். நாட்குறிப்பில் இந்த வசதி இல்லையே என்று ஒரு கணம் பொறாமையாக இருந்தது.

ஆபரேஷன் 10: ஒரு டம்ளர் சோப்புத்தூள், ஒரு குண்டான் வெந்நீர், இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுதல், பத்து நிமிடம் ஊறுதல்.

வெந்நீர் இறங்கவில்லை. சோப்புத்தூள் தன் கடமையைச் செய்தது. நுரை பீங்கானைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு மதில் சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. இரண்டே நிமிடத்தில் கோதண்டம் வந்துவிட்டார்.

“இன்னா அண்ணாத்தே, ஊட்டாண்ட மேகம் எறங்கிகீது?”

“அடைப்பு, கோதண்டம்.”

கோதண்டம் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

“ஆளைப் பாத்தா அகர்பத்தி மாரி கீறாரு. உள்ள இம்மாம் சரக்கை வெச்சுகினு இருந்துகீறாரே!”

“கோதண்டம், மாப்பிள்ளை முன்னாடி…” என்றார் மாமனார்.

“பெருமையாத்தான் சொல்றேன் அண்ணாத்தே.”

ஏழு பக்கம்

ஆபரேஷன் 20க்கு ஒட்டடைக் கம்பு. அதன் முனையில் பழைய சாக்கைச் சுருட்டி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார் மாமனார். கட்டிய முடிச்சை அளவெடுக்காத குறைதான்.

“நான் பண்றேன் மாமா” என்று கம்பை வாங்கிக்கொண்டேன். எல்லோரும் தடுத்தார்கள். விடவில்லை. என் திட்டம் எளிமையானது. பலம் கொண்ட மட்டும் உள்ளே குத்தினால் குறிப்பேடு வளைவைத் தாண்டி வெளிச் சாக்கடைக்குப் போய்விடும். அடைப்பும் போகும், ஆதாரமும் போகும்.

குத்தினேன். முகத்தில் தெறித்தது. விடாமல் குத்தினேன்.

பின்னாலிருந்து ஃப்ளோரா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துத் துவைக்கிற கல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“என்னங்க, தள்ளிட்டே இருக்கீங்க. இழுத்தாத்தானே உறிஞ்சிட்டு வரும்?”

“வந்துடுமே.”

“வரத்தானே செய்யணும்? உள்ள என்ன இருக்கு?”

சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் மகளிடம் வேறென்ன செய்ய முடியும்?

அவள் என் முழங்கையை விட்டாள். “அப்பாவைப் பத்தி எழுதியிருக்கீங்களா?”

“கொஞ்சம்.”

“எவ்ளோ கொஞ்சம்?”

“ஏழு பக்கம்.”

“அம்மா?”

“ரெண்டு. குழம்பை மட்டும்தான்.”

“நான்?”

“ரெண்டு.”

“அப்பாவுக்கு ஏழு, எனக்கு ரெண்டா?” அவள் குரல் உயர்ந்து தாழ்ந்தது. “அது அப்பா கையில கிடைச்சா, இந்த வீட்டுக்கு நீங்களும் வர முடியாது, நானும் தலை காட்ட முடியாது. அவரை யாரும் கேலி பண்ணக் கூடாதுங்க. தாங்கமாட்டாரு. அதனால அது அவர் கையில கிடைக்கக் கூடாது.”

“அதுக்குத்தான் தள்ளுறேன்.”

“தள்ளவும் கூடாது. எனக்கு அந்த ரெண்டு பக்கம் வேணும்.”

செருப்பும் குடையும்

ஆபரேஷன் 30க்கு மாமனார் தன் குளியலறை ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தார். நடுவில் துளை போட்டு, சைக்கிள் பம்பின் குழாயை அதில் நுழைத்து, பீங்கானின் வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். உள்ளே காற்றடித்தால் அடைப்பு நகரும் என்பது கணக்கு. ஃப்ளோரா “நான் பிடிச்சுக்கறேன்ப்பா” என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. கோதண்டம் பம்பை அடித்தார்.

பத்து அடிக்கு ஒன்றும் இல்லை. பதினைந்தாவது அடியில் பீங்கான் ஒரு ஏப்பம் விட்டது. செருப்பு மாமனார் கையிலிருந்து எகிறி, வாசலில் நின்ற என் மார்பில் வந்து பதிந்து, கீழே விழுந்தது. புதுப் பனியனில் எட்டாம் நம்பர் தடம், கட்டைவிரல் பள்ளம் முதற்கொண்டு தெளிவாக இருந்தது.

கோதண்டம் பம்பைக் கீழே வைத்துவிட்டார். “மாமனார் ஊட்டுல கறிச்சோறுதான் போடுவாங்கன்னு நென்ச்சேன்.”

அதற்கு மாமியார்கூடச் சமையலறையில் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. ‘30: தோல்வி. பனியன் சேதம் ஒன்று’ என்று காலண்டர் தாளில் எழுதினார்.

அடுத்தது ஆபரேஷன் 40, வெளியே சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து, அந்தப் பக்கமிருந்து துணிக்கொடிக் கம்பியை விடுவது. மாமனார் கம்பியை அவிழ்க்கப் போனார். அதற்குள் கோதண்டம், கூடத்து மூலையில் மாட்டியிருந்த குடையைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த பரிசு. பட்டனை அழுத்தினால் தானாக விரியும். வளைந்த கைப்பிடி.

“அண்ணாத்தே, இந்தக் கொக்கியை உள்ள உட்டு இஸ்த்தா வந்துரும். முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ!”

“அது புதுசு!” என்று கத்தினோம் நானும் ஃப்ளோராவும். காரணங்கள் வேறு.

அவர் காதில் விழவில்லை. கைப்பிடியைத் தலைகீழாக வளைவுக்குள் நுழைத்து, இடமும் வலமும் துழாவினார். “மாட்டிகிச்சு!” என்றார். இரண்டு கையாலும் குடையின் உடம்பைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பில் பட்டன் பீங்கான் விளிம்பில் இடித்தது.

மூன்றடிக்கு நான்கடி அறை. அதில் ஒரு கிரேன் டிரைவர். அதற்குள் குடை விரிந்தது. கறுப்புத் துணி கோதண்டத்தைச் சுவரோடு சேர்த்து அப்பியது. உள்ளேயிருந்து ‘யம்மாடி’ என்ற குரலும், அதைத் தொடர்ந்து, காலையிலிருந்து எல்லோரும் காத்திருந்த அந்தச் சத்தமும் வந்தன. தண்ணீர் ‘கடகட’வென்று இறங்கி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, அடங்கியது.

பாதம் வைக்கிற மேட்டின் மேல், அப்பம் போல ஊதி, கறுப்பாக, என் குறிப்பேடு கிடந்தது.

கண்டெடுப்பவர் கவனத்துக்கு

ஃப்ளோரா பாய்ந்தாள். குடை குறுக்கே இருந்தது. மாமனார் அதற்கு முன்பே சமையலறை இடுக்கியோடு வந்துவிட்டார். “ஐயோ, என் இடுக்கி!” என்று மாமியார் அலறியதைப் பொருட்படுத்தாமல், அதைப் பிடித்து எடுத்து, ஃபினாயில் வாளியில் மூன்று முறை முக்கி, வெளிச்சத்தில் பிரித்தார்.

முதல் பக்கத்தில், என்னுடைய ஒழுங்கின் விளைவாக, பால்பாயிண்ட் பேனாவில், ஓர் எழுத்துக்கூடக் கரையாமல் இருந்ததை அவர் சத்தமாகப் படித்தார்.

“ஜே. லூர்துராஜ். அம்பத்தூர். ரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவ். இதைக் கண்டெடுப்பவர் உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். தயவுசெய்து படிக்க வேண்டாம்.”

குடைக்குப் பின்னாலிருந்து கோதண்டம், “அப்போ அது மாப்ளது இல்லியா?” என்று ஏமாற்றமாகக் கேட்டார்.

“மாப்பிள்ளைதுதான்” என்றார் மாமனார்.

“அப்பா, குடுங்க, நான் காய வெச்சுக் குடுக்கறேன்.”

“எடுத்தது நான், பாப்பா. ரிப்போர்ட்டும் நான்தான் எழுதணும்.”

மதியச் சாப்பாட்டில் அவர் இலையைப் பார்த்தே சாப்பிட்டார். எனக்குக் கறியை மட்டும் இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கையைக் காட்டினார். சாப்பிட்டதும் பின்பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் காய்ந்த பக்கங்களை மாமியாரின் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையில் சிவப்புப் பென்சில்.

மதிலுக்கு மேலே கோதண்டத்தின் தலை தெரிந்தது. “இன்னா அண்ணாத்தே, பைபிளா?”

“இல்ல. மாப்பிள்ளையோட ட்ராயிங்.”

மூன்று மணிவாக்கில் எழுந்து வந்து படுக்கையறையில் படுத்தார். வழக்கமாகப் பகலில் தூங்காதவர். மாமியார் கைக்கடிகாரத்தோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எதுவும் புரியவில்லை. உடம்பு சரியில்லையோ, என்னால்தான் இப்படியோ என்று பயந்துபோனேன்.

மூன்று ஸ்டேஷன் தூரம்

திங்கட்கிழமை காலை நாங்கள் அம்பத்தூருக்குக் கிளம்பினோம். மாமனாருக்கு இரண்டாம் ஷிப்ட். சைக்கிளில் எங்கள் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு ஆவடி ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் நகரத் தொடங்கிய பிறகு, ஜன்னல் வழியாகச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் மடியில் போட்டார். முகத்தைப் பார்ப்பதற்குள் பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது.

பிரித்தேன். பக்கங்கள் அலை அலையாக நின்றன. புத்தகம் மூடவே இல்லை. இன்றும் மூடாது.

முதலில் என் கண்ணில் பட்டது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருந்த ரோஜா நிறக் கறை. என் சிவப்பு மை. சரித்திரம் என்று நான் மதித்து எழுதிய தேதிகள் அத்தனையும் கரைந்து ஓடிவிட்டன. வம்பு என்று எழுதியது ஓர் எழுத்து விடாமல் இருந்தது. கறையின் மேல் சிவப்புப் பென்சிலில், அழகான அச்சு எழுத்தில், மாமனார் தனக்குத் தெரிந்த அளவில் நிரப்பியிருந்தார்: ‘செவ்வாய். எனக்கு லீவு.’ ‘வியாழன். குழாயில் தண்ணீர் வராத நாள்.’

பிறகு திருத்தங்கள். என் கிண்டல்களில் ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லை. தகவல் பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார்.

‘குறட்டை நிமிடத்துக்குப் பதினொன்று’ என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில்: ‘ஒன்பது. ஞாயிறு மதியம் சோதிக்கப்பட்டது. சாட்சி: மனைவி.’

‘குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது’ என்பதற்கு: ‘உண்மை. கல்யாணமான நாளிலிருந்து. அவளிடம் சொல்ல வேண்டாம்.’

‘ஆண்டவரையே அளந்து பார்க்கிறார்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதை அழித்திருந்தார்.

‘இவர் சிரித்து நான் பார்க்கவில்லை’ என்பதற்கு: ‘செவ்வாய்க்கிழமை சிரித்தேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.’

திருமுல்லைவாயில் தாண்டியிருந்தது. நடுவில் இரண்டு பக்கங்கள் குண்டூசியால் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘இது என் செக்‌ஷன் இல்லை. பார்க்கவில்லை.’

ஃப்ளோரா அதை என் கையிலிருந்து வாங்கி, குண்டூசியை எடுத்துத் தன் புடவையில் குத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தாள். அதில், புதன்கிழமை அவள் என்னிடம் மொத்தம் பதினேழு வார்த்தை பேசினாள் என்றும், எண்ணினேன் என்றும், போதவில்லை என்றும் எழுதியிருந்தேன். அவ்வளவுதான் அந்த இரண்டு பக்கமும், சுற்றி வளைத்து.

அம்பத்தூர் வரும்வரை அவள் அதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். இறங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொன்னாள்.

“பதினேழு இல்ல. ‘ம்’ சொன்னதையெல்லாம் நீங்க சேத்துக்கல.”

அப்போதுதான் குறிப்பேட்டின் முதுகுப் பக்கம் நூலில் ஏதோ ஆடுவதைப் பார்த்தேன். அட்டைச் சீட்டு, உள்பக்கமாக மடிந்திருந்தது. சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து நிமிர்த்தினேன்.

வெள்ளை.

‘பொருளின் பெயர்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் டைரி என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோட்டின் மேல், ‘ட்ராயிங்படி இல்லை. வண்டி ஓடும்’ என்று இருந்தது. கையெழுத்தும் இருந்தது. தேதி மட்டும் போடவில்லை.